நம் முத்திரையோடு உலவும் அந்நியன்: இரைப்பைப் புற்றுநோயில் காக்-ஏ புரதம், ஒரு நிகழ்வு ஆய்வு

2001-ல் ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. நவோமி உவெமுராவும் அவருடைய சக மருத்துவர்களும் 1,526 பேரை எண்டோஸ்கோபி வழியாகச் சராசரியாக 7.8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். அவர்களில் 1,246 பேரின் வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருந்தது. 280 பேரிடம் இல்லை. அந்த ஆண்டுகளில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. 36 பேருமே பாக்டீரியாவைச் சுமந்தவர்கள். இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

36-க்கு 0. மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு தெளிவாக ஒரு கோடு விழுவது அபூர்வம். ஆனால் அதே எண்களைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. பாக்டீரியா இருந்த 1,246 பேரில் 1,210 பேருக்கு அந்தக் காலத்தில் புற்றுநோய் வரவில்லை. அவர்களில் முன்சிறுகுடலில் புண் இருந்தவர்கள் ஒருவருக்குக்கூட வரவில்லை. கிருமி இல்லாவிட்டால் நோய் மிக அரிது. கிருமி இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதில்லை. இந்த இரண்டுக்கும் சேர்த்து விடை தேட வேண்டுமென்றால், கிருமிக்கும் செல்லுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அதற்காக இந்த ஆய்வில் அந்தக் கிருமியின் ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் பின்தொடர்கிறேன். அதன் பெயர் காக்-ஏ.

பின்னணி

கிருமியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் நிபுணராக இருந்த ராபின் வாரன் 1979-ல் இரைப்பைத் திசுவில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்த்தார். அமிலம் நிறைந்த இரைப்பையில் எதுவும் வாழாது என்று நம்பிய காலம் அது. 1981-ல் இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க எடுத்த முயற்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. 1982 ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் கிடந்துவிட்டன. அப்போதுதான் தட்டில் முதல் பாக்டீரியாக் கூட்டங்கள் தெரிந்தன. மெதுவாக வளரும் கிருமியை அதுவரை அவசரப்பட்டுத் தூக்கியெறிந்திருக்கிறார்கள். 1984-ல் மார்ஷல் அதைக் குடித்துத் தன் இரைப்பையிலேயே அழற்சியை உண்டாக்கிக் காட்டினார். 1994-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமித் தொற்றைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது உறுதியான காரணிகள் பட்டியலில், சேர்த்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அமிலத்தில் அது பிழைக்கும் விதம் எளிமையானது. யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாக உற்பத்தி செய்து, யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கி, தன்னைச் சுற்றியிருக்கும் அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. அப்புறம் கசையிழைகளை அடித்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் நீந்திப் போகிறது. பெரும்பாலானவை சளியிலேயே தங்கிவிடுகின்றன. ஒரு சிறு பகுதி மட்டும் செல்களின் மேற்பரப்பு வரை போய் ஒட்டிக்கொள்கிறது. நம் கதை அந்தச் சிறு பகுதியைப் பற்றியது.

ஊசி

எல்லா ஹெலிகோபாக்டரும் ஒன்றல்ல. சில வகைகளின் மரபுத்தொகுதியில் ஏறக்குறைய 40,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு உண்டு. சுமார் முப்பது மரபணுக்கள் அடங்கிய அந்தத் துண்டு, வேறெங்கிருந்தோ வந்து செருகிக்கொண்டது போன்ற அடையாளங்களோடு இருக்கிறது. அதிலுள்ள மரபணுக்களில் பல சேர்ந்து ஊசி போன்ற ஒரு கருவியைக் கட்டுகின்றன. அந்த ஊசி செலுத்தும் சரக்குதான் காக்-ஏ. கிழக்காசியாவில் காணப்படும் ஹெலிகோபாக்டர்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இந்தப் புரதம் இருக்கிறது. மேற்கத்திய நாடுகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தில்.

ஊசி என்றதும் கிருமி முரட்டுத்தனமாகக் குத்துகிறது என்று தோன்றும். ஆனால் நடப்பது அப்படியல்ல. அது முதலில் செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஹாப்-க்யூ என்ற பாக்டீரியப் புரதம் நம் செல்லின் சீகேம் புரதங்களைப் பற்றிக்கொள்வதும், அந்தப் பிடி இல்லாவிட்டால் காக்-ஏ உள்ளே போவது வெகுவாகக் குறைந்துவிடுவதும் 2016-ல் தெரியவந்தன. இன்டெக்ரின் என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதமும் இதில் உதவுகிறது. சவ்வில் வழக்கமாக உட்பக்கம் பார்த்திருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறுகூட, கிருமி ஒட்டிய இடத்தில் வெளிப்பக்கம் திரும்பிக் காக்-ஏ நுழைய வழிவிடுகிறது. ஆக, நுழைவாசலிலேயே செல்லின் சொந்தப் பொருட்கள்தான் கதவைத் திறந்துவிடுகின்றன. இந்த மாதிரி இனி வரும் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும்.

முத்திரை

இந்த ஆய்வில் என்னை அதிகம் ஈர்த்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

நம் செல்களில் ஒரு புரதத்துக்கு வேலை ஏவுவதற்கு ஒரு பொதுவான முறை உண்டு. அதன் மேலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுவார்கள். அலுவலகத்தில் கோப்பின் மேல் முத்திரை குத்துவது போல. முத்திரை விழுந்த புரதத்தை அடையாளம் கண்டு, அதோடு போய்ச் சேர்ந்துகொண்டு வேலை செய்யும் புரதங்கள் வேறு இருக்கின்றன. வளர்ச்சி, நகர்ச்சி, பிரிதல் எல்லாம் இந்த முத்திரைப் போக்குவரத்தில்தான் நடக்கின்றன. பாக்டீரியாக்களின் உள் நிர்வாகம் வேறு விதமானது. டைரோசின் முத்திரை அங்கே பெரிதாகப் புழங்குவதில்லை.

காக்-ஏயின் வால் பகுதியில் ஐந்து அமினோ அமிலங்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன: குளுடாமிக் அமிலம், புரோலின், ஐசோலூசின், டைரோசின், அலனின். அவற்றின் ஓரெழுத்துக் குறிகளைச் சேர்த்து இந்த வரிசைக்கு எபியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான்காவதாக உள்ள அந்த டைரோசினைப் பாருங்கள். பாக்டீரியாவுக்குள் இருக்கும்வரை அதற்கு எந்த முத்திரையும் கிடையாது. ஊசி வழியாக நம் செல்லுக்குள் வந்து சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டதும், நம்முடைய சார்க், ஏபிஎல் குடும்ப நொதிகள் அதை நம் வீட்டுப் புரதம் என்று எடுத்துக்கொண்டு முத்திரை குத்திவிடுகின்றன. 1999, 2000 ஆண்டுகளில் பல ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதைக் கண்டுபிடித்தன. அந்நியப் புரதத்துக்கு உள்ளூர் அடையாளச் சீட்டு கிடைத்துவிட்டது, வழங்கியது செல்லேதான்.

முத்திரை விழுந்த காக்-ஏயை யார் வந்து பிடிக்கிறார்கள்? 2002-ல் ஜப்பானில் மசனோரி ஹத்தகேயாமாவின் குழு இதற்கு விடை சொன்னது: எஸ்ஹெச்பி-2 என்ற நொதி. இது சாதாரணமாகத் தன்னைத் தானே மடித்து மூடிக்கொண்டிருக்கும். சரியான முத்திரை வந்து தொட்டால்தான் விரிந்து வேலையைத் தொடங்கும். காக்-ஏ அதைத் தொட்டுத் திறந்து, மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. செல்லுக்கு "வளர், பிரி" என்று சொல்லும் சமிக்ஞைத் தொடர் நிற்காமல் ஓடுகிறது. செல்லைத் தரையோடு பிடித்துவைக்கும் அமைப்புகளும் தளர்கின்றன. ஆய்வகத் தட்டில் பார்த்தால் உருண்டையாக இருக்க வேண்டிய இரைப்பைச் செல்கள் நீண்டு, கூர்மூக்கோடு சிதறி ஓடுகின்றன. ஓசனிச்சிட்டின் அலகைப் போல இருப்பதால் அந்த வடிவத்துக்கு அந்தப் பறவையின் பெயரையே வைத்தார்கள்.

இது வெறும் ஆய்வகக் காட்சி என்று ஒதுக்கிவிட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. சிறார்களுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோயில், இதே எஸ்ஹெச்பி-2-வின் மரபணுவில் பிழை ஏற்பட்டு அந்த நொதி ஓயாமல் விரிந்தே கிடக்கிறது. அங்கே மரபணு கெட்டு நடப்பதை, இங்கே மரபணுவைத் தொடாமலேயே ஒரு வெளிப் புரதம் செய்துவிடுகிறது. புற்றுநோய் என்றாலே மரபணுப் பிழையில்தான் தொடங்கும் என்று படித்தவர்களுக்கு இது பெரிய திருப்பம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எபியாவிலும் வகைகள் உண்டு. மேற்கத்திய கிருமிகளில் எஸ்ஹெச்பி-2 பிடிக்கும் துண்டு ஒருவிதம், கிழக்காசியக் கிருமிகளில் வேறுவிதம். கிழக்காசியத் துண்டு ஏறத்தாழ நூறு மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. இவ்வளவு வேறுபாட்டுக்கும் அடிப்படை, முத்திரை விழும் டைரோசினிலிருந்து ஐந்தாவது இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலம். மேற்கத்திய வகையில் அந்தத் துண்டு இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து வந்தாலும் பிடி அதே அளவுக்கு வலுக்கிறது. இப்படித் துண்டுகள் அதிகமாக உள்ள கிருமிகளைச் சுமப்பவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்தும் கூடுதல்.

செல்லும் சும்மா இருப்பதில்லை. முத்திரை விழுந்த காக்-ஏ, சார்க் நொதியை அடக்கும் இன்னொரு புரதத்தையும் வரவழைக்கிறது. சார்க் அடங்கினால் புதிய முத்திரை விழுவது குறையும். முதல் பார்வைக்குச் செல்லின் தற்காப்பு போலத் தெரிந்தாலும், இதனால் நன்மை அடைவது கிருமிதான் என்று நினைக்கிறேன். கலவரம் அளவுக்கு மீறினால் செல் செத்துவிடும். தங்க வீடில்லாமல் போகும். பல பத்தாண்டுகள் ஒரே வயிற்றில் குடியிருக்கும் கிருமிக்கு அளவோடு நடக்கத் தெரிய வேண்டியிருக்கிறது.

வரிசை குலைதல்

முத்திரையே இல்லாமலும் காக்-ஏ வேலை செய்கிறது. இரைப்பையின் உட்சுவரில் செல்கள் ஒன்றோடொன்று இறுகத் தைக்கப்பட்டு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேல் எது, கீழ் எது என்பது தெரியும். அமிலம் ஒரு பக்கம், ரத்தம் மறுபக்கம் என்று பிரிந்திருப்பது அந்த ஒழுங்கினால்தான். அந்தத் திசையுணர்வைக் காப்பது பார்-1 என்ற நொதி. காக்-ஏயின் வாலில் உள்ள இன்னொரு சிறு வரிசை, பார்-1 வழக்கமாகக் கையாளும் பொருளின் தோற்றத்தில் வந்து அதன் வேலைசெய்யும் குழியில் உட்கார்ந்துகொள்கிறது. அசல் பொருளுக்கு இடமில்லை, நொதி முடங்குகிறது. செல்களைத் தைக்கும் பட்டைகள் பிரிகின்றன, செல் தன் மேல் கீழை மறக்கிறது. இது 2007-ல் வெளியான கண்டுபிடிப்பு. இதற்கிடையில் கிருமி வெளியில் சுரக்கும் எச்டிஆர்ஏ என்ற நொதி, அண்டைச் செல்களைக் கோத்துவைக்கும் இ-கேட்ஹெரினை வெளியிலிருந்தே வெட்டுகிறது.

எதற்காக இதெல்லாம்? புற்றுநோயால் கிருமிக்கு என்ன லாபம்? ஒரு லாபமும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் மானுவல் அமீவாவின் குழு செய்த சோதனைகள் இதற்கு அழகான விளக்கம் தந்தன. செல்களின் திசையுணர்வு குலைந்தால், ரத்தப் பக்கம் இருக்க வேண்டிய இரும்புச் சத்தும் ஊட்டமும் கிருமி ஒட்டியிருக்கும் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. காக்-ஏ இருக்கும் கிருமிகள் அங்கேயே உண்டு பெருகுகின்றன, இல்லாதவை தடுமாறுகின்றன. ஆக, கிருமி செய்துகொள்வது ஒரு சாப்பாட்டு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் விலையைப் பல பத்தாண்டுகள் கழித்து மனிதன் கட்டுகிறான். சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோதே இந்தக் கிருமி அவன் வயிற்றில் கூட வந்திருக்கிறது என்று மரபியல் தடயங்கள் காட்டுகின்றன. இவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்ததால்தான் நம் செல்லின் பேச்சு அதற்கு இத்தனை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

காவல்காரர்கள்

செல்லில் தவறு நடந்தால் தடுப்பதற்குக் காவல் புரதங்கள் உண்டு. பி-53 அவற்றில் முதன்மையானது. ஏஎஸ்பிபி-2 என்ற புரதம் அதற்குத் துணை நின்று, கெட்டுப்போன செல்லைச் சாகச் செய்யும். காக்-ஏ உள்ளே வந்ததும் இந்த ஏஎஸ்பிபி-2 அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பி-53-ஐ ஊக்கப்படுத்த வேண்டியது, அதன் அழிவுக்கே வழியாகிவிடுகிறது. 2011-ல் வெளியான இந்த முடிவைப் படித்தால் வேலியே பயிரை மேய்ந்தது என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

2021-ல் இன்னொரு கண்ணி கிடைத்தது. மரபணு இழையில் ஏற்படும் முறிவுகளைச் செம்மையாக ஒட்டும் பிஆர்சிஏ-1, வேலை செய்யும் இடமான உட்கருவுக்குள் போவதற்கு பார்-1-இன் உதவி தேவை. முன்பு பார்த்த அதே பார்-1! காக்-ஏ அதை முடக்கியிருப்பதால் பிஆர்சிஏ-1 உட்கருவுக்கு வெளியிலேயே தங்கிவிடுகிறது. முறிவுகள் கூடுகின்றன, ஒட்டுவதும் பிழையாக நடக்கிறது. தொற்றினால் தூண்டப்படும் ஏஐடி என்ற நொதி பி-53-இன் மரபணுவிலேயே பிழைகளைச் செய்கிறது என்பது 2007-லேயே தெரிந்திருந்தது. காக்-ஏ தற்காலிகமாகச் செய்த மாற்றங்கள் இந்த இடத்தில் நிரந்தர எழுத்துப் பிழைகளாக மாறத் தொடங்குகின்றன.

எதிர்வாதங்கள்

இதெல்லாம் செல்களில் நடப்பது, உயிருள்ள உடலில் நடக்கிறதா என்று கேட்பது நியாயம். 2008-ல் ஹத்தகேயாமாவின் குழு, தொற்று எதையும் உண்டாக்காமல், காக்-ஏ மரபணுவை மட்டும் எலிகளுக்குள் புகுத்தியது. சில எலிகளுக்கு இரைப்பையிலும் சிறுகுடலிலும் புற்றுநோய் வந்தது, சிலவற்றுக்கு ரத்தப் புற்றுநோய். முத்திரை விழ முடியாதபடி மாற்றிய காக்-ஏயைப் பெற்ற எலிகளுக்கு இவை வரவில்லை. என் பார்வையில் இந்த முழு வழக்கிலும் வலுவான சாட்சியம் இதுதான். ஆனால் எலியின் உடலெங்கும் பிறப்பிலிருந்தே சுரக்கும் காக்-ஏ வேறு, மனித இரைப்பையின் மேற்பரப்பில் சில செல்களுக்குள் அவ்வப்போது ஊசி வழியாக இறங்கும் காக்-ஏ வேறு. அதை மறந்துவிடக் கூடாது.

அழற்சியையும் தனியே பிரிக்க முடியாது. கிருமியின் செல்சுவர்த் துணுக்குகளும் சில சர்க்கரை மூலக்கூறுகளும் செல்லின் எச்சரிக்கை மணியை அடிக்க, வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. அவை வெளியிடும் வேதிப்பொருட்களும் மரபணுவைச் சேதப்படுத்துகின்றன. செல் இறந்து இறந்து மீண்டும் வளரும் இடத்தில் பிழைகள் சேர்வது எளிது. கிருமி சுரக்கும் வாக்-ஏ என்ற நச்சும் தன் பங்கைச் செய்கிறது.

கொலம்பியாவிலிருந்து வந்த தரவு இன்னும் சிக்கலானது. நரின்யோ மாநிலத்தில் மலைமேல் துக்கேரஸ், கடற்கரையில் துமாகோ. இரண்டு ஊர்களிலும் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்குத் தொற்று உண்டு. மலையில் இரைப்பைப் புற்றுநோய் கடற்கரையைவிடச் சுமார் 25 மடங்கு. 2014-ல் வந்த மரபியல் ஆய்வு, கிருமியின் மூதாதையர் வழியும் மனிதனின் மூதாதையர் வழியும் பொருந்தாத இடத்தில் பாதிப்பு கடுமையாக இருப்பதைக் காட்டியது. கிருமியிடம் காக்-ஏ இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஒருவரின் ஆபத்தைக் கணித்துவிட முடியாது.

தடயம் மறையும் குற்றம்

இரைப்பைப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. நாள்பட்ட அழற்சி, பிறகு சுரப்பிகள் தேய்தல், பிறகு இரைப்பைச் செல்கள் குடல் செல்களைப் போல உருமாறுதல், பிறகு ஒழுங்கற்ற வளர்ச்சி, கடைசியில் புற்று. நோய்க்குறியியல் நிபுணர் பெலாயோ கொர்ரேயா விவரித்த இந்தப் படிகளைக் கடக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். குடலாக உருமாறிய இரைப்பையில் அமிலமும் குறைவு, கிருமிக்கு வசதியும் குறைவு. அது மெல்ல மறைகிறது. புற்று தெரியவரும் நேரத்தில் அந்த இடத்தில் கிருமியைக் காண்பதே அரிதாகலாம், காக்-ஏயும் இருக்காது. செல் பொதுவாகக் காக்-ஏயைச் சிதைத்துவிடும். ஸ்டெம் செல் (மற்ற செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்) போன்ற சில செல்களில் மட்டும் அது சிதையாமல் சேர்வதை 2012-ல் கண்டிருக்கிறார்கள். காக்-ஏ தொடங்கிவைத்த வேலையை மரபணுவில் விழுந்த பிழைகள் ஏற்றுக்கொண்டபின், அது இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். எஸ்ஹெச்பி-2-வைத் தடுக்கும் மருந்து கிடைத்தாலும், முற்றிய புற்றில் காக்-ஏயைக் குறிவைப்பதில் பயன் இருக்காது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். கிருமியை அகற்றும் காலம் அதற்கு வெகு முன்பே.

யாருக்கு அவசரம் அதிகம் என்பதற்கும் மூலக்கூறு அளவில் கிடைத்த அறிவு வழிகாட்டுகிறது. பிஆர்சிஏ-1 போன்ற, முறிவுகளைச் சரிசெய்யும் மரபணுக்களில் பிறவியிலேயே பிழை உள்ளவர்களை ஜப்பானில் ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். அத்தகைய பிழையும் ஹெலிகோபாக்டர் தொற்றும் சேர்ந்திருந்தால், 85 வயதுக்குள் இரைப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து 45.5 சதவீதம். தொற்று மட்டும் இருந்தால் 14.4 சதவீதம். காக்-ஏ பிஆர்சிஏ-1-ஐ வெளியே நிறுத்துகிறது என்ற ஆய்வகச் செய்தியோடு இந்த எண்களை வைத்துப் பார்க்கும்போது, ஏற்கெனவே பாதி பழுதான பூட்டை யாரோ வெளியிலிருந்தும் நெம்புவது போல இருக்கிறது.

சரி, கிருமியை ஒழித்தால் என்ன ஆகும்? 2020-ல் தென்கொரியாவிலிருந்து ஒரு சோதனையின் முடிவு வந்தது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்று நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் இருந்த 1,676 பேரில், ஒரு பகுதியினருக்கு ஆன்டிபயாடிக்கும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும், மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, மருந்து பெற்றவர்களில் 10 பேருக்கும் மற்றவர்களில் 23 பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. மருந்து பெற்ற அந்தப் பத்துப் பேரில் ஐவரிடம் கிருமி போகாமல் தங்கியிருந்தது. மருந்து முடிந்ததும் கிருமி உண்மையிலேயே போய்விட்டதா என்று மறுசோதனை செய்ய வேண்டியது இதனால்தான். மற்ற ஐவரின் வயிற்றில் கிருமி இல்லை, ஆனாலும் புற்று வந்தது. சுரப்பிகள் ஏற்கெனவே தேய்ந்தவர்களையும் குடல் உருமாற்றம் தெரிந்தவர்களையும், கிருமி போய்விட்டது என்று உறுதியான பிறகும் எண்டோஸ்கோபிக்கு மறுபடி மறுபடி அழைப்பது அந்த ஐவரைப் போன்றவர்களுக்காக.